நோயற்ற வளாகத்தில் ஒரு வீங்கிய முகம்

போடிக்கு மேற்கே, மலை இறங்கிவந்து களைத்துப்போய்க் கால் நீட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மறுப்புக் கடிதம் அனுப்புவார்கள். மறுப்புக் கடிதத்துக்கு ஒரு படிவம் அச்சடிக்க வேண்டும். படிவம் அச்சடிக்க ஒரு குழு போட வேண்டும். பாவம், அவர்களுக்கு ஏன் அந்தச் சிரமம்.

அந்தக் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தவன் உக்கிரபாண்டி. ராசிங்காபுரத்துக்காரன். அந்தப் பெயரை வைத்தபோது பெற்றவர்கள் என்ன எதிர்பார்த்தார்களோ, பெயரில் இருந்த உக்கிரம் ஆளிடம் இறங்கவே இல்லை. பஸ்சில் தன் காலை மிதித்தவரிடம் இவன் மன்னிப்புக் கேட்பான். விடுதிச் சாம்பாரில் உப்பில்லை என்றால் தன் நாக்கைச் சந்தேகப்படுவான். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. கோடை விடுமுறையில் மலை மேலே இருக்கும் ஏலக்காய் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போக வேண்டும். வகுப்புக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். அரியர் வைத்தவனை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, செடி சேகரிக்க வகுப்பே ஜீப்பில் குரங்கணிக்குப் போனது. காப்பித் தோட்டத்துக்கு மேலே ஒரு கொடியை உக்கிரபாண்டி வேரோடு இழுத்தான். கொடியோடு கூடும் வந்துவிட்டது. கதண்டுக் கூடு. குளவிக்குப் பெரியப்பா முறை ஆகிற ஜாதி அது. நாலு கதண்டுகள் அவன் முகத்தில் இறங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயின.

மறுநாள் காலையில் கண்ணாடி பார்த்தவன், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கண்ணாடியில் இருந்தது அவனேதான். இடது கண் மூடிவிட்டது. மேலுதடு பணியாரமாக உப்பியிருந்தது. கன்னம் இரண்டும் காதைத் தொட முயன்றுகொண்டிருந்தன.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று வாசலுக்கு வந்தான். காவலாளி சுடலை மறித்தார்.

"எங்க அப்பு?"

"பெரியாஸ்பத்திரிக்குண்ணே."

"சீட்டு?"

"என்ன சீட்டு?"

"விடுதிப் பிள்ளைக வெளிய வைத்தியத்துக்குப் போகணும்னா நம்ம நலவாழ்வு மையத்துல எழுதிக் கொடுக்கணும். ஒடம்பு சரியில்லைன்னு."

"மூஞ்சியப் பாருங்கண்ணே."

சுடலை பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பாக்கச் சகிக்கல அப்பு. ஆனா மூஞ்சிய நான் பைல்ல கோக்க முடியாதுல்ல?"

மாணவர் நலவாழ்வு மையம் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கால் உடைந்தவர்கள் படியேறி வருவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பச்சைப் பலகை: 'நோயற்ற வளாகம். இன்று 1,126ஆம் நாள்.' எண்கள் தகரத்தில் செய்து கொக்கியில் மாட்டியவை. காலையில் வந்ததும் எண்ணை மாற்றிவிட்டுத்தான் டோக்கன் எழுத்தர் மகாராணி தன் டீயைக் குடிப்பார்.

"அங்கன நின்னு அந்தக் கண்ணாடியப் பாரு" என்றார் மகாராணி. சுவரில் ஒரு முகப் பதிவுக் கருவி. 'ஒரு மாணவர், ஒரு முகம்' என்ற திட்டத்தின் கீழ்க் கல்லூரி முழுக்க மாட்டியிருந்தார்கள். அது முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால் டோக்கன் வரும்.

உக்கிரபாண்டி நின்றான். கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு இனிமையான பெண் குரலில், "மன்னிக்கவும். இது நீங்கள் இல்லை" என்றது.

"அக்கா, நான்தேன்."

"நீ சொல்லி என்ன அப்பு, அது சொல்லணும்ல?" மகாராணி அவனுடைய பழைய படத்தைக் கணினியில் காட்டினார். கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்தது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த சாது முகம். "இந்தப் பிள்ள எவ்வளவு லட்சணமா இருக்கு. நீ வீக்கம் வத்தினப்பறம் வா. அது ஒத்துக்கிரும்."

"வீக்கம் வத்திட்டா நான் எதுக்குக்கா வரணும்?"

"எல்லாரும் அதத்தேன் சொல்றாக. ஆனா ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. அம்புட்டுக் கைராசி நம்ம மையத்துக்கு."

கைராசியோடு வாதாட உக்கிரபாண்டிக்குத் தெரியவில்லை. ஒற்றைக் கண்ணால் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். மகாராணி இரக்கமில்லாதவர் அல்ல. மேசையின் அடி அறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 'முக மாற்ற விண்ணப்பம்.' இருக்கிற முகத்தைப் புதிதாகப் படமெடுத்து ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இது இன்னார்தான் என்று துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும்.

தாவரவியல் துறைத்தலைவர் ரோஜா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி அவனைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம கொட்டுனது உன்னையத்தான்னு சொன்னாங்க. ஆனா எழுத்துல தரணும்னா நான் உறுதிப்படுத்திக்கணும்ல?" சன்னலோரத் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார். "இது என்ன குடும்பம்?"

உக்கிரபாண்டி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னான்.

மேடம் பேனாவைத் திறந்தார். "தப்பு. சந்தேகமே இல்ல, உக்கிரபாண்டிதான்."

பதினொன்றரை மணிக்குக் கருவி அவனுடைய வீங்கிய முகத்தைப் படம் பிடித்து, "வணக்கம், உக்கிரபாண்டி" என்று மலர்ந்தது. மகாராணி டோக்கன் கொடுத்தார். எண் ஒன்று. "நல்லாக் கேட்டுக்க. ஒரு பருவத்துக்கு ஒருக்காத்தேன் மொகத்த மாத்தலாம்."

உள்ளே செவிலியர் தமிழ்செல்வி இருந்தார். ஒப்பந்தப் பணி, மூன்று வருடம் ஆகிறது. அவனைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அடப்பாவி, எத்தன கொட்டு? மூச்சு விடச் செரமமா இருக்கா? நெஞ்ச அடைக்குதா? நாக்க நீட்டு."

அந்த வளாகத்தில் அன்றைக்கு அவனிடம் உடம்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உக்கிரபாண்டிக்கு மூடாத கண்ணும் கலங்கியது.

"டாக்டர் இல்லையா சிஸ்டர்?"

"டாக்டர் பணியிடம் இருக்கு. நிரப்பியாச்சுன்னு பைல்லயும் இருக்கு. டாக்டர்தான் இல்ல." மருந்து அலமாரியின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "நோய்ப் பதிவேட்டுல உன் பேர எழுதினாத்தான் சாவி தருவாங்க. எழுத ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கணும். வா, வெரசா."

ஒருங்கிணைப்பாளர் முனைவர் ஈஸ்வரன் வணிகவியல் பேராசிரியர். தனக்கு மருத்துவம் தெரியாது என்பதைத் தன் நடுநிலைமைக்குச் சான்றாகச் சொல்லிக்கொள்வார். புதன்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். உக்கிரபாண்டியைக் கண்டதும் சன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"என்ன சிஸ்டர் இது?"

"கதண்டு கொட்டியிருக்கு சார். பதிவு போட்டு மருந்து கொடுக்கணும்."

"பதிவா?" அவர் குரல் கம்மியது. "வெளியில பலகையப் பார்த்தீங்கல்ல? ஆயிரத்து நூத்தி இருபத்தாறு நாள். இந்தியாவுலயே எத்தனை கல்லூரி இப்படிச் சொல்ல முடியும்? எப்படிச் சாதிச்சோம்? பதிவு செய்யாமச் சாதிச்சோம். பதிவு செஞ்சா நோய். செய்யலைன்னா அது வெறும் சௌகரியக் குறைவு. ஒருத்தனுக்காக நான் அந்தப் பலகையைப் பூஜ்யமாக்கணுமா? தம்பி, நீயே சொல்லு, உன் உதடு பெருசா, நம்ம கல்லூரி பெருசா?"

உக்கிரபாண்டி உதட்டைத் தொட்டுப் பார்த்தான். முடிவு செய்யக் கடினமாக இருந்தது.

"தவிரவும்," ஈஸ்வரன் உற்சாகமானார், "கதண்டு கொட்டினது நோயே கிடையாது. விபத்து. விபத்துன்னா பாதுகாப்புக் குழு. ஆனா நடந்தது வளாகத்துக்கு வெளிய. மலையில. அப்ப அது வனத்துறை." நிறுத்தி, விரலை உயர்த்தினார். "கதண்டு எந்தத் திசையிலருந்து வந்துச்சு?"

"கவனிக்கல சார்."

"கவனிச்சிருக்கணும்ல? மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கேருந்து வந்த கதண்டா இருந்தா இது ரெண்டு மாநில விவகாரம். நாம தலையிடவே கூடாது. எதுக்கும், 'கொட்டிய பூச்சியின் பூர்வீகம் எனக்குத் தெரியாது'ன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போ. குழு வர்ற வரைக்கும் விடுதி அறையைவிட்டு வெளிய வராதே. யாராவது பார்த்தா வளாகத்துல நோய் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

"வெளிய போகச் சீட்டாச்சும்..."

"நோயில்லாதவனுக்கு எப்படிப்பா சீட்டுத் தர முடியும்?"

வராந்தாவுக்கு வந்ததும் தமிழ்செல்வி தன் கைப்பையைத் திறந்தார். பைல் தூசிக்குத் தும்மல் வரும் என்று தனக்காக வாங்கி வைத்திருந்த மாத்திரைகள் அதில் இருந்தன. அட்டையோடு அவன் கையில் வைத்தார். கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கிவந்து கைக்குட்டையில் சுற்றிக் கன்னத்தில் ஒற்றினார்.

"காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. மூச்சு லேசா அடைச்சாலும் எனக்குப் போன் போடு. சுடலையண்ணன் கதவு திறக்கலைன்னா நான் ஒடைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை மூன்று முறை வந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் கண் திறந்துவிட்டது. புதன்கிழமை காலையில் கண்ணாடியில் எண்ணெய் வைத்து வகிடெடுத்த பழைய உக்கிரபாண்டி நின்றான். அவன் தன் முகத்தை அவ்வளவு பிரியமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

பத்து மணிக்குத் தேர்வு. ஆய்வுக்கூட வாசலில் அதே கருவி. அது ஒப்புக்கொண்டால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். தோழர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உக்கிரபாண்டி நின்றான்.

"மன்னிக்கவும். இது நீங்கள் இல்லை."

தலையைச் சாய்த்துப் பார்த்தான். கன்னத்தை உப்பிக் காட்டினான். உதட்டைப் பிதுக்கி, இடது கண்ணை மூடி, மூச்சை அடக்கி நின்றான். கருவி ஒரு கணம் தடுமாறியது. பிறகு, "மன்னிக்கவும்" என்றது.

கதவுக்கு உள்ளே ரோஜா மேடம் கையைப் பிசைந்தார். "எனக்குத் தெரியும்ப்பா நீ யாருன்னு. ஆனா எனக்குத் தெரிஞ்சது இங்க செல்லாது. வருகைத்தாள அதுதான் அச்சடிக்குது."

மாடியேறி ஓடினான். பலகை 1,128 என்றது. மகாராணி பட்டுப்புடவையில் பூச்செண்டோடு நின்றார். "ஒரு பருவத்துக்கு ஒரு மொகம்னு அன்னைக்கே சொன்னேன்ல அப்பு? இனிமே சனவரிலதேன். அதுவரைக்கும் வீங்குன மொகந்தேன் ஒம் மொகம்."

"பரீட்ச இன்னைக்குக்கா!"

"அப்ப மறுபடி குரங்கணிக்குப் போய்ட்டு வா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் செடிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மணி பத்தே முக்கால். மலை மேலிருக்கும் பண்ணை ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

அதே நேரம் மாடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தர மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட, சுருக்கமாகப் பேசுகிற மனிதர். ஈஸ்வரனின் இருபது நிமிட வரவேற்புரை முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"மூணு வருஷத்துல எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்தீங்க?"

"ஒருத்தருக்குக்கூட இல்லை சார்!" ஈஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப இந்த மையம் எதுக்கு?"

ஈஸ்வரன் வரவேற்புரைத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் தேடினார்.

"சிகிச்சைக்கு நாப்பது மார்க். பூஜ்யம்னு போட்டுக்கிறேன்."

அடுத்த இரண்டாவது நிமிடம், கல்லூரி வரலாற்றில் முதல்முறையாக ஈஸ்வரன் ஓடினார். பின்னால் தமிழ்செல்வி ஓடிவந்தார். ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்துத் தூக்கினார் ஈஸ்வரன்.

"தம்பி, நீதானே நோயாளி?"

"முந்தாநாள் சார்."

"அதெல்லாம் பரவாயில்லை, வா!"

குழுத் தலைவர் முன்னால் அவனை நிறுத்தினார்கள். கணினித் திரையில் உக்கிரபாண்டி என்ற பெயருக்கு மேலே வீங்கிய முகம். எதிரே மெலிந்த பையன். தலைவர் அங்கும் இங்கும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆளா?"

"அதுதான் சார் எங்க சிகிச்சை!" என்று ஈஸ்வரன் உருகினார். "கருவியாலயே அடையாளம் காண முடியாத அளவுக்குக் குணமாக்கியிருக்கோம். நோய்ங்கிற ஒண்ணு வரணும்னு மூணு வருஷமா மருந்தோட காத்திருந்தோம் சார். வந்துச்சு, நாங்க விடல!"

தலைவர் மெச்சிக்கொண்டார். நாற்பதுக்கு முப்பத்தெட்டு எழுதினார். "தம்பி, நீ ஏதாவது சொல்லணுமா?"

எல்லோரும் நன்றியை எதிர்பார்த்தார்கள். ஈஸ்வரன் அவன் தோளை அழுத்தினார். பத்தொன்பது வருடமாக எங்கே பதுங்கியிருந்ததோ, உக்கிரபாண்டி என்ற பெயரின் முதல் பாதி அப்போது எழுந்து வந்தது.

"எனக்கு வைத்தியம் பாத்தது சிஸ்டர், அவுங்க சொந்த மாத்திரையில. இவுங்க என்னைய ரூம்ல ஒளிச்சு வைக்கப் பாத்தாக. இப்ப எனக்குப் பரீட்ச நடக்குது. நான்தான் நான்னு அந்தக் கதவுகிட்ட யாராச்சும் வந்து சொல்லுங்கய்யா. ஒரு மணிக்கு முடிஞ்சிரும்."

"அதுக்கு ஒரு குழு போட்டுப் பரிசீலிச்சு..." என்று ஈஸ்வரன் தொடங்கினார்.

"கரண்டு போனா கதவு தானாத் திறந்துக்கிரும்ல?" என்று கேட்டார் தமிழ்செல்வி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கிப் போய் மெயினை இறக்கினார். கல்லூரி முழுக்க மின்விசிறிகள் நின்றன. ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கதவு, 'மன்னிக்கவும்' கூடச் சொல்லாமல், மெல்ல விலகியது. மாடியிலிருந்து ஓடிவந்த உக்கிரபாண்டி உள்ளே நுழைந்ததும் ரோஜா மேடம் வருகைத்தாளில் பேனாவால் அவன் பெயரை எழுதினார். தாளில் மனிதக் கையெழுத்து விழுந்து நாளாகியிருந்தது.

அப்போது மணி பதினொன்று ஐந்து. மிச்சமிருந்த நேரத்தில் அவன் செடிகளை அறுத்து, வரைந்து, எழுதி முடித்தான்.

வெள்ளிக்கிழமை தமிழ்செல்விக்குக் குறிப்பாணை வந்தது. ஒன்று, நோயற்ற வளாகத்தில் அனுமதியின்றிச் சிகிச்சை அளித்து, அதன்மூலம் நோய் இருந்ததாக ஆக்கியது. இரண்டு, மின்சாரத்தைத் துண்டித்தது. ஒப்பந்தத்தை ஏன் முடிக்கக் கூடாது என்று மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

"போனாப் போகுது, விடு" என்றார் அவர். ஆனால் தாளை எட்டாக மடித்தவர், உடனே பிரித்து மறுபடி படித்ததை உக்கிரபாண்டி பார்த்துவிட்டான். விடுதிக்குப் போனான். திங்கட்கிழமையிலிருந்து நிர்வாகக் கட்டடத்தில் ஏறி இறங்கியதில் அதன் பாஷை கொஞ்சம் படிந்திருந்தது. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினான்.

'பொருள்: நான் நான் இல்லை என்பது தொடர்பாக.

ஐயா, திங்கட்கிழமை மையத்துக்கு வந்த வீங்கிய நபர் உக்கிரபாண்டி இல்லை என்று தங்கள் கருவி முதலில் தெரிவித்தது. புதன்கிழமை குழுவின் முன் நின்ற நபரும் உக்கிரபாண்டி இல்லை என்று அதே கருவி தெரிவித்தது. எனவே இக்கல்லூரி மாணவர் எவருக்கும் சிகிச்சை அளிக்கப்படவில்லை என்று கொண்டால் செவிலியர் மீது குற்றமில்லை; ஆனால் பெற்ற முப்பத்தெட்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தர வேண்டும். சிகிச்சை அளிக்கப்பட்டது என்று கொண்டால் மதிப்பெண் நிற்கும். ஆனால் அதை அளித்தவருக்குப் பாராட்டுக் கடிதம் வர வேண்டும். இரண்டில் எது சரி என்று ஒரு வரியில் தெரிவிக்கவும். நகல்: குழுத் தலைவர்.'

அவன் நேரில் கொண்டுபோய் நீட்டியதை ஈஸ்வரன் மூன்று முறை படித்தார். அலுவலகத்தில் எதையும் கிழிக்கும் வழக்கம் கிடையாது. குறிப்பாணையின் ஓரத்தில், 'இது அனுப்பப்படவில்லை எனக் கருதப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிமிர்ந்து உக்கிரபாண்டியை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக மரியாதை இருந்தது.

"தாவரவியலா படிக்கிறே? தப்புப் பண்ணிட்டே. நீ நிர்வாகத்துக்கு வரவேண்டியவன்."

நாலு கதண்டு கொட்டியபோதுகூட அவன் அப்படிப் பயந்ததில்லை. சோலி இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

செய்முறையில் தேறினான்; பண்ணைப் பயிற்சிக்கும் தேர்வானான். ஏப்ரலில் வந்த கடிதத்தின் கடைசி வரி மட்டும்தான் உறுத்தியது: கல்லூரி மையத்திலிருந்து உடல் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும்.

மையம் இதற்குள் மாறியிருந்தது. பச்சைப் பலகை போய், 'இவ்வாரம் குணமடைந்தோர்: 214' என்ற நீலப் பலகை வந்திருந்தது. மகாராணி மாடிப்படியிலேயே நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களை வளைத்துக்கொண்டிருந்தார். "தலவலி இருக்கா ஆத்தா? நல்லா யோசிச்சுப் பாரு, இருக்கும்."

உக்கிரபாண்டி கடிதத்தைக் காட்டினான்.

"நல்லாருக்கவுகளுக்கு இங்க பதிவு இல்லையே அப்பு" என்று வருந்தினார் மகாராணி. "குணமானவுகளுக்குத்தேன் சான்று. ஏதாச்சும் ஒரு நோயச் சொல்லு. கையோட குணமாக்கி எழுதித் தந்துர்றேன்."

அவன் யோசித்தான். உள்ளே, திறந்த மருந்து அலமாரியின் முன்னால், வரிசையில் நின்ற நாற்பது நல்ல ஆட்களுக்கு நடுவே உண்மையான காய்ச்சல்காரன் யாரென்று தமிழ்செல்வி நெற்றி நெற்றியாகத் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"பயம்க்கா" என்றான்.

மகாராணி பட்டியலில் விரலை ஓட்டினார். "பயம்... இருக்கு. எதப் பாத்து?"

"படிவத்தப் பாத்து."

அவர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். முத்திரை விழுந்தது. 'படிவ பயம் இருந்தது. முழுமையாகக் குணமடைந்தார்.' கீழே அவன் கையெழுத்திட வேண்டிய இடங்கள் ஏழு இருந்தன. உக்கிரபாண்டி பேனாவை வாங்கினான். எது அவனுடையது என்று ஒரு குழு போட்டுக் கண்டுபிடிக்கட்டும் என, ஏழு இடத்திலும், கொஞ்சமும் பயமில்லாமல், ஏழு விதமாகப் போட்டான்.